உறைக்கு ஒரு கரண்டித் தூக்கம்

ஊர் உலகத்தில் சத்தம் கேட்டால்தான் ஆட்கள் முழித்துக்கொள்வார்கள். வெள்ளக்கரட்டூரில் மட்டும் சத்தம் நின்றால் முழித்துக்கொள்வார்கள், அது அவர்கள் வாங்கி வந்த வரம். சேலத்திலிருந்து வடக்கே போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, வெள்ளைக்கல் வெட்டி வெட்டிப் பாதி கரைந்துபோன கரடு ஒன்று தெரிகிற இடத்தில் இறங்கினால், கரட்டைக் கண் பார்க்கிறதுக்கு முன்னாலேயே காதில் தறி விழும். வீட்டுக்கு ரெண்டு தறி, வசதியான வீட்டில் நாலு, எல்லாம் கரண்டில் ஓடுகிற விசைத்தறி, எல்லாம் ஒன்று போல டக்கட டக்கட என்று அடித்துக்கொண்டிருக்க, அந்தச் சத்தத்துக்குள்ளேயே பிள்ளை பெற்று, அந்தச் சத்தத்துக்குள்ளேயே காது குத்தி, பெண் பார்க்க வந்த சம்பந்தக்காரர்களிடம் நகை நட்டைக் கத்திக் கத்திப் பேசி முடித்து, செத்தவர்களுக்கு ஒப்பாரியும் அந்தத் தாளத்திலேயே வைத்துப் பழகின சனம் அது. கரண்டு போனால் போச்சு. தொட்டில் பிள்ளை முதற்கொண்டு எழுந்து உட்கார்ந்து, என்னமோ நடந்துபோச்சு என்று ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்ப்பார்கள்.

பெற்றவர்கள் ஆசையாக மங்கையர்க்கரசி என்று வைத்த பேர், அந்தச் சத்தத்தில் முழுசாகக் கூப்பிட யாருக்கும் தெம்பில்லாமல் மங்கா என்று குறுகிப்போனது, அவள் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில். வந்த கையோடு அவள் பகல் தறிக்காரி ஆனாள். அவள் புருஷன் சடையப்பன் ராத்திரித் தறிக்காரன். இருக்கிற ரெண்டு தறியும் நிற்காமல் ஓடினால்தான் வாங்கின பாவு நூலைச் சொன்ன நாளுக்குள் துண்டாக நெய்து கொடுக்க முடியும் என்பதால், விடிந்ததும் மங்கா தறிக்கும் சடையப்பன் கட்டிலுக்கும் போவார்கள், விளக்கு வைத்ததும் சடையப்பன் தறிக்கும் மங்கா கட்டிலுக்கும் போவார்கள். ஒரே கட்டில்தான், ஆனால் அது எப்போதும் ஒருத்தருக்குத்தான். மாற்றிக்கொள்கிற அந்த ரெண்டு நேரத்திலும், "ரெண்டாந் தறியில ஓரத்து இழை அறுந்து அறுந்து வருது, பாத்துக்க புள்ள" என்று அவன் சொல்ல, "சரிங்க மாமா, சோறு மூடி வெச்சிருக்கறன்" என்று இவள் சொல்ல, அதுதான் அவர்கள் குடித்தனத்துப் பேச்சு.

அப்புறம் பிள்ளை எப்படிப் பிறந்தது என்று கேட்பீர்கள். கரண்டு போனபோது பிறந்தது. அந்த ஊரில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான், கரண்டாபீசுக்குக் கடன்பட்டவை. மங்காவின் மகளும் அப்படி ஒரு மழைக்காலத்து மின்வெட்டுக்குப் பிறந்து, வளர்ந்து, ஈரோட்டுக்கு வாக்கப்பட்டும் போய்விட்டாள். அதற்கப்புறம் கரண்டு ஒழுங்காக வர ஆரம்பித்துவிட்டது. நல்லதுதான், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் மங்காவுக்கு மட்டும் மனசின் அடியில் ஒரு ஆசை தங்கிப்போனது: புருஷன் பக்கத்தில் படுத்து, அவனும் தூங்க, தானும் தூங்க, ஒரு முழுத் தூக்கம் தூங்கி எழ வேண்டும். அவ்வளவுதான். நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. ஆனாலும் மகளைக் கட்டிக்கொடுத்த வயசில் இதை யாரிடம் வாய்விட்டுச் சொல்வது, சொன்னால் சிரிப்பார்களே என்று தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

இந்த ஆசை நிறைவேறாமல் கிடக்க, இருந்த தூக்கமும் போயிற்று. கண்ணை மூடினால் கெண்டைக்காலில் குரக்கு இழுக்கும், காலை நீவி விட்டுப் படுத்தால் மனசு இழுக்கும், மனசை அடக்கிப் படுத்தால் மறுபடி கால். ஒரு மாசம் இப்படிக் கண்ணெல்லாம் மணல் போட்ட மாதிரி அலைந்துவிட்டு, கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, சாப்பாடு விசாரித்து, "பெரிசா ஒண்ணுமில்லம்மா, உங்க உடம்புல ஒரு உப்பு பத்தல, மெக்னீசியம்னு பேரு" என்று சொல்லி, அந்தச் சத்து மாவை எழுதிக் கொடுத்தாள். "தூக்க மாத்திரை இல்ல இது, பயப்படாதீங்க. படுக்கறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பா ஒரு டம்ளர்ல ஒரு ஸ்பூன் கலக்கிக் குடிங்க. தூக்கம் மெல்லத்தான் வரும், ஆனா வரும்."

மருந்துக்கடை பிலோமினா டப்பாவை எடுத்துக் கொடுக்கும்போது கிட்னியில் கோளாறு ஒன்றும் இல்லையே என்று கேட்டுக்கொண்டு, "எழுதினதுக்கு மேல அள்ளிப் போட்டுக்காத மங்கா, அப்புறம் தூங்கறதுக்குப் பதிலா ராவெல்லாம் கொல்லைக்கு ஓடுவ" என்றாள். அப்புறம் வாசலில் தெரிந்த கரட்டைக் காட்டி, "அந்த வெள்ளக்கல்லுகூட இந்தச் சாதிதான். அதுக்காக ஊர்ல யாரும் போயிக் கல்லை நக்கிப்புடாதீங்க சாமி" என்றும் சொல்லி வைத்தாள். அவளுக்கு அந்த ஊரைப் பற்றி நன்றாகத் தெரியும்.

இப்போது மங்கா செய்த தப்பைச் சொல்ல வேண்டும். தப்பு என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். டாக்டரம்மா உப்பு என்றாள் அல்லவா, வீட்டுக்கு வந்ததும் டப்பாவைப் பிரித்து மாவை உப்பு ஜாடிக்குப் பக்கத்திலிருந்த காலி ஜாடியில் கொட்டி வைத்தாள், அது சரி. டாக்டரம்மா டம்ளரில் என்ன ஊற்ற வேண்டும் என்று சொல்லாததால் பாலை ஊற்றினாள், அதுவும் சரி. ஆனால் வெதுவெதுப்பாக என்று ஒரு சொல் சொன்னாள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. கல்யாணமான நாளிலிருந்து தினமும் பாலைக் காய்ச்சி, ஆற வைத்து, விரல் விட்டுப் பார்த்து, வெதுவெதுப்பு வந்ததும் ஒரு கரண்டி மோரை ஊற்றி மூடி வைத்த கைக்கு, வெதுவெதுப்பு என்றால் ஒரே ஒரு வேலைதான் தெரியும். மனசு எங்கேயோ இருக்க, கை பாட்டுக்கு மாவைப் பாலில் கலக்கி, தயிர் ஏனத்தில் உறை ஊற்றி, மூடி வைத்துவிட்டது.

மறுநாள் தறியை விட்டு வந்து மூடியைத் திறந்தால், உள்ளே தூக்கம் உறைந்திருந்தது.

பார்க்கத் தயிர் மாதிரிதான். ஆனால் தயிர் சும்மா இருக்கும். இது மேலே இருந்த ஏடு மெல்ல எழும்பி மெல்ல அமுங்கி, எழும்பி அமுங்கி, படுத்திருக்கிற பிள்ளையின் வயிறு போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மங்கா கரண்டியால் லேசாகத் தொட்டாள்; அது ஒரு பெருமூச்சு விட்டுப் புரண்டு படுத்தது. கெட்டுப்போன தயிருக்கு இத்தனை ஒழுக்கம் இருக்காது என்று தோன்றவே, ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள். கால் இழுக்கவில்லை, மனசும் இழுக்கவில்லை. விடியற்காலை சடையப்பன் வந்து பக்கத்தில் நின்று வழக்கம் போல இருமி இருமி, அவன் தொண்டை கட்டின பிறகுதான் கண் விழித்தாள்.

பக்கத்து வீட்டுத் தாயம்மாக்காதான் முதலில் கண்டுபிடித்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்தவள் மங்காவின் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "என்னடி, புதுப்பொண்ணு மாதிரி இருக்கற" என்றாள்.

"தூக்கம் ஒறஞ்சிருக்குதுக்கா" என்றாள் மங்கா.

தாயம்மாக்கா உள்ளே வந்து ஏனத்தை எட்டிப் பார்த்தாள். ஏடு எழும்பி அமுங்கியது. "ஆமா, நல்லா மூச்சு உடுது. பாலு யாரு ஊட்டுது?" என்று கேட்டாள்.

"சொசைட்டிப் பாலுதான்."

"சொசைட்டிப் பாலுக்கே இப்படியா? எங்க மாட்டுப் பாலுக்கு இன்னும் கெட்டியா நிக்கும். உறைக்கு ஒரு கரண்டி குடு" என்று கிண்ணத்தை நீட்டினாள்.

அந்த ஊரில் உறைமோர் கேட்டு வந்தவளை இல்லை என்று அனுப்பின வீடு கிடையாது. தாயம்மாக்கா வாங்கிப் போனாள், அவள் வீட்டுப் பாலில் அது உறைந்தது. அவளிடம் அவள் மருமகளின் தாய்வீடு வாங்கியது, அவர்களிடம் எதிர்வரிசை வாங்கியது, எதிர்வரிசையிடம் கோயில் பூசாரி வீடு வாங்கியது, இப்படிக் கிண்ணம் கிண்ணமாகக் கைமாறி, பிலோமினா கடையில் அந்த மாவு டப்பா தீர்ந்து தீர்ந்து வந்து, ஆடி நோம்பிக்கு முன்னால் வெள்ளக்கரட்டூர் முழுக்கத் தூக்கம் உறைந்து மூச்சு விட்டது. மங்கா வீட்டு உறை இல்லாமல் தனியாகச் செய்து பார்த்தவர்களுக்கு வெறும் தயிர்தான் வந்தது. பிலோமினா சொன்னதையும் மீறி ரெண்டு இளவட்டங்கள் கரட்டுக்குப் போய்க் கல்லை நக்கினார்கள். ஒருத்தனுக்குப் பல் ஓரம் உடைந்தது, இன்னொருத்தனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவன் பல் உடைந்தவனைக் காட்டிலும் அதிகமாக ஏச்சு வாங்கினான்.

விவகாரம் வந்தது வேறு விதத்தில். விளக்கு வைத்த பிறகு உப்பு கொடுக்கக் கூடாது, மோர் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இது உப்பும் மோரும் சேர்ந்த சாமான் என்பதால் ரெண்டு மடங்கு தோஷம். ஆனால் தூக்கமோ விளக்கு வைத்த பிறகு வேண்டியது. ஆகவே பொழுது சாய்கிறதுக்கு முன்னாலேயே, இன்றைக்குத் தூக்கம் வருமா வராதா என்று அவரவர் யோசித்து முடிவெடுத்துக் கிண்ணத்தோடு கிளம்ப வேண்டியதாயிற்று. நாலு மணிக்கெல்லாம் தெருவில் பெண்டுகள், "எனக்கு இன்னைக்கு மாமியாரோட சண்டை இருக்குது, ரெண்டு கரண்டி குடு" என்றும், "எங்க ஊட்ல எல்லாம் சம்மணக்கால் போட்டுச் சிரிச்சுக்கிட்டிருக்குதுங்க, அரைக் கரண்டி போதும்" என்றும் முன்கூட்டியே கணக்குச் சொல்லி வாங்கிப் போனார்கள். நாள்பட்டுப் புளித்த தூக்கத்தைத் தின்றால் கனவில் சொந்தக்காரர்கள் வந்து சண்டை போடுவார்கள் என்பதைக் கண்டுபிடித்து, புளித்ததை மட்டும் மோர்க்குழம்பாக வைத்து, மதியம் வேலையில்லாத ஆம்பிளைகளுக்கு ஊற்றினார்கள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கனவு விஷயம் வெளியே வருகிற வரைக்கும்.

உறைமோர் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும்போது அந்த வீட்டு ருசியையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகும். தூக்கமும் அப்படியே. மங்காவின் ஏனத்திலிருந்து கிளம்பின உறை அத்தனையும் அவள் மனசின் அடியில் தங்கியிருந்ததைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் போய்விட்டது. ஒருநாள் தாயம்மாக்கா கிண்ணம் இல்லாமல் வந்தாள், வந்து மங்காவை ஓரமாக இழுத்து, தறிச் சத்தத்தில் ரகசியம் பேசுவதற்கு உண்டான கத்தலில், "ஏன்டி மங்கா, உன்கிட்ட ஒண்ணு கேக்கறன், தப்பா எடுத்துக்காத. என் கனவுல தெனமும் உம் புருசன் முதுகு வருது" என்றாள்.

மங்கா சடையப்பன் தூங்கிக்கொண்டிருந்த கட்டில் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"எனக்கு வந்தாக்கூடத் தொலையுதுன்னு உட்டுருவன். எங்க ஊட்டுக்காரருக்கும் வருது. கட்டில்ல பக்கத்துல சடையப்பன் படுத்திருக்கறானாம், இவரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுக்கறாராம், திரும்புனாலும் அங்கயும் அவன் முதுகாம். எம் மருமவளுக்கு வருது. கோயில் பூசாரிக்கும் வருதாம், பாவம் அவரு விரதத்துல இருக்கறாரு. என்னதான்டி சங்கதி?"

சொல்லாமல் இருக்க முடியவில்லை. தறிமேல் கையை வைத்துக்கொண்டு மங்கா எல்லாவற்றையும் சொன்னாள், சொல்லச் சொல்ல வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தது. தாயம்மாக்கா சிரிப்பாள் என்று நினைத்தாள். தாயம்மாக்கா சிரிக்கவில்லை, முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "நானும் பகல் தறிக்காரிதான்டி" என்று மட்டும் சொன்னாள்.

சொன்னதோடு விட்டிருக்கலாம். தாயம்மாக்காவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மறுநாளே விஷயம் டீக்கடைக்குப் போனது, டீக்கடையிலிருந்து பாவு கொடுக்கிற இடத்துக்குப் போனது, சடையப்பன் எங்கே போனாலும் அவன் முதுகை உற்றுப் பார்த்து, "நேத்து இன்னும் கொஞ்சம் அக்கட்டால தள்ளிப் படுத்திருக்கலாம்ல, எடமே இல்ல" என்று கேலி பண்ண ஆரம்பித்தார்கள். அவனோ ஒரு நாளும் அந்தத் தூக்கத்தைத் தொட்டதில்லை. படுத்தால் கட்டை மாதிரி தூங்குகிறவன், அவனுக்கு எதற்கு உப்பும் உறையும். ஆகவே ஊரிலேயே அவன் ஒருத்தனுக்கு மட்டும் அந்தக் கனவு வரவில்லை. என்ன ஏது என்று விளங்காமல் வந்து மங்காவிடம் கேட்டான், அவளும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு நாளைக்கு மட்டும் தறிய நிறுத்திப்புட்டு வாங்க மாமா. அதுக்கு மேல கேக்க மாட்டன்."

சடையப்பன் நூல் சுற்றின தார்க்குச்சியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு மனசில்லாமல் இல்லை. "வர்றதுக்கென்ன புள்ள," என்றான் கடைசியில், "தறி நின்னா ஊரு முழிச்சுக்குமே. எல்லாரும் எந்திரிச்சு உக்காந்து, எந்தத் தறி நின்னுச்சுன்னு காது குடுத்துக் கேப்பாங்க. சடையப்பன் தறி நின்னுபோச்சுன்னு தெரியும். ஏன் நின்னுச்சுன்னும் தெரியும். அப்புறம் நான் டீக்கடைப் பக்கம் எப்படித் தலை காட்டறது?"

அவன் சொன்னது நியாயந்தான். அதுதான் மங்காவுக்கு ரொம்பவும் வலித்தது. கோபப்படுவதற்குக்கூட ஒரு வழி இல்லையே என்று அன்றைக்குப் பகலெல்லாம் இழைக்கு நடுவில் ஓடுகிற நாடாவோடு பேசிக்கொண்டே நெய்தாள், ரெண்டு துண்டில் ஓரம் கோணிப்போனது.

இந்த நிலையில் அடுத்த வெயில் காலம் வந்தது, வெயிலோடு வார்டு மெம்பர் தனசேகரனும் வந்தார். வருஷா வருஷம் சித்திரையில் அவர் கட்சிக் கொடி கட்டி பஸ் நிறுத்தத்தில் நீர்மோர்ப் பந்தல் போடுவது வழக்கம். இந்த வருஷம் பேர் நிலைத்து நிற்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "ஊட்டுக்கு ஒரு கரண்டி உறைத்தூக்கம் குடுங்க, நாலு அண்டா மோருல கலக்கி உட்டம்னா வர்ற சனத்துக்குச் செத்த நேரம் இதமா இருக்கும்" என்று வீடு வீடாக வந்து கேட்டார். பொது காரியம் என்று கேட்டால் கொடுக்காமல் இருப்பார்களா, ஏனத்தை வழித்துக் கொடுத்தார்கள். மங்காவும் கொடுத்தாள், அடியில் ஒரு கரண்டி மட்டும் நிறுத்திக்கொண்டு.

அந்த நாளைப் பற்றிச் சேலத்து டிரைவர்கள் இன்னமும் பேசுகிறார்கள். கொத்தமல்லி, இஞ்சி, பெருங்காயம் எல்லாம் மணக்க ஒரு டம்ளர் குடித்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்த இடத்திலேயே உட்கார்ந்தார்கள், உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தார்கள். டவுன் பஸ் டிரைவர் ஸ்டியரிங் மேல் கை மடித்துப் படுத்துக்கொள்ள, கண்டக்டர் அவர் தோளில் படுத்துக்கொள்ள, டிக்கெட் வாங்கினவர்கள் வாங்காதவர்கள் எல்லோரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து, எதிர்க்கட்சிக்காரர்கள் மட்டும் குடிக்க மாட்டோம் என்று நின்றுவிட்டு வெயில் தாளாமல் அவர்களும் குடித்து, தனசேகரன் பேசுவதற்கு மைக்கைப் பிடித்தபடியே பந்தல்காலில் ஒண்டிக்கொள்ள, மைக்கில் அவர் மூச்சு மட்டும் ஊருக்கெல்லாம் கேட்டது. அவர் பேசிய பேச்சிலேயே அதுதான் நல்ல பேச்சு என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். வெயில் இறங்கி எழுந்தபோது ஒருத்தர் பையும் காணாமல் போகவில்லை. பிக்பாக்கெட் அடிக்க வந்திருந்தவன் ஒருத்தன் நடுவில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியின் கூடையைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அத்தனை பேரும் சடையப்பனின் முதுகைப் பார்த்திருந்தார்கள், வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் அது யார் முதுகு என்று தெரியவில்லை.

அதோடு ஊரில் உறை தீர்ந்தது. வழித்துக் கொடுத்தது போக மிச்சமிருந்ததைச் சித்திரை வெயில் புளிக்க வைத்துவிட்டது. மங்காவின் ஏனத்தில் ஒரே ஒரு கரண்டி, அது ஒன்றுதான் நல்ல மூச்சோடு கிடந்தது. சாயங்காலம் தெருப் பெண்டுகள் தாயம்மாக்காவை முன்னால் விட்டு வந்து நின்றபோது, இவர்களுக்கு உறை கொடுத்தாக வேண்டுமே என்று மங்கா ஏனத்தை எடுத்தாள். எடுத்த கை நின்றது. அவளுக்கு வேறு ஒரு யோசனை ரெண்டு நாளாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

தாயம்மாக்கா அவள் கையைப் பார்த்தாள், மூஞ்சியைப் பார்த்தாள். "எங்களுக்கு வேண்டாம் போடி" என்றாள். "இப்பெல்லாம் டாக்டரம்மா சீட்டு இருந்தாத்தான் பிலோமினா மாவு குடுக்கறா, சீட்டுப்படி வெறும் வெந்நீர்ல கலக்கிக் குடிக்க ஆரம்பிச்சு நாலு வாரமாச்சு எம் மருமவ. மெல்லத்தான் வருது, மூச்செல்லாம் உடல. ஆனா தூக்கம்னா தூக்கம், அவ கனவு அவளுக்கே வருது. உம் புருசன் முதுகப் பாத்துப் பாத்து எங்களுக்கு அலுத்துப்போச்சு மங்கா. இனி நீயே பாத்துக்க."

பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். பூசாரி பெண்சாதி மற்றவர்களைக் காட்டிலும் கொஞ்சம் அழுத்தமாகவே ஆட்டினாள்.

அவர்கள் போனதும், விளக்கு வைக்கிறதுக்கு முன்னால், மங்கா அந்தக் கடைசிக் கரண்டியை எடுத்துக்கொண்டு தறிக்குப் போனாள். எண்ணெய் விடுகிற குழி ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு, நாடா வந்து முட்டுகிற பெட்டியில் ஒரு சொட்டு, மோட்டார் தலையில் ஒரு சொட்டு என்று முதல் தறிக்குப் பாதியும் ரெண்டாந் தறிக்குப் பாதியும், காய்ச்சல் பிள்ளைக்கு மருந்து புகட்டுவது போல, "குடி சாமி, நீயும் எத்தனை காலமாத்தான் நிக்காம ஓடுவ" என்று சொல்லிக்கொண்டே விட்டாள். தனக்கென்று ஏனத்தை வழித்து நக்கக்கூட ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

தறி ரெண்டும் கொஞ்சம் தயங்கின. பிறகு நாடா பெட்டிக்குள் போய் ஒடுங்கியது, இழைகள் தளர்ந்தன, மோட்டார் நீளமாக ஒரு மூச்சு விட்டது. மங்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்; இதோ சத்தம் நிற்கப்போகிறது, இதோ ஊர் முழித்துக்கொள்ளப்போகிறது என்று. நிற்கவில்லை. தறி குறட்டை விட ஆரம்பித்தது. டக்… கட, டக்… கட என்று பழகின அதே தாளத்தில், தெருவுக்குப் போதுமான அளவுக்கு. தொட்டிலில் தூங்கின பிள்ளைகள் தூங்கினபடியே இருந்தன, எதிர்வீட்டில் யாரும் எழுந்து உட்காரவில்லை, வெள்ளக்கரட்டூருக்கு ஒன்றும் தெரியவில்லை.

சடையப்பன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தறிக்கு வந்தான். பார்த்தான். தறியைச் சுற்றி வந்தான், பெல்ட்டைத் தொட்டான், குனிந்து காது வைத்துக் கேட்டான். சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனான், தட்டி எழுப்பிவிடலாம் என்று. அங்கேயே கை நின்றது. தூங்குகிற உசிரை எழுப்புவது பாவம் என்று இருந்தவன் அவன்; தொண்டை கட்ட இருமினாலும் இருமுவானே ஒழிய, கல்யாணமான நாளிலிருந்து பெண்சாதியை ஒரு நாளும் தொட்டு எழுப்பினதில்லை.

"தூங்குது புள்ள" என்றான்.

"ஆமாங்க மாமா."

"எழுப்பறதுக்கு மனசு வரல."

"எழுப்ப வேண்டாம். வாங்க."

தலையில் கட்டின துண்டை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவிழ்த்து, கையில் பிடித்துக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி அவள் பின்னாலேயே வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் ரெண்டு பேருக்கும் ஒரு சங்கடம். எந்தப் பக்கம் யாருடையது என்று தெரியவில்லை. இத்தனை காலம் தனித்தனியாகப் படுத்ததில் ரெண்டு பேரும் நடுவில்தான் படுத்திருக்கிறார்கள்.

"நீங்க வெளிப்பக்கம் படுங்க."

"நீ படு. நீதான் வெடியால எந்திரிக்கோணும்."

"யாருக்கும் வெடியால எந்திரிக்க வேண்டியதில்ல மாமா, தறி தூங்குது" என்றாள் மங்கா. அதைக் கேட்டு அவன் சிரித்தான், இவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு ஓரமாகப் படுத்தார்கள். ஓரத்தில் படுத்து என்ன பண்ண, மெத்தையில் இலவம்பஞ்செல்லாம் நடுவில் அமுங்கிப் பள்ளம் விழுந்து கிடந்தது. படுத்த மாத்திரத்தில் ரெண்டு பேரும் உருண்டு நடுப் பள்ளத்தில் வந்து சேர்ந்தார்கள். ஊரெல்லாம் கனவில் பார்த்த முதுகு மங்காவின் மூக்குக்கு நேராக இருந்தது. கனவில் வராத ஒரு மச்சம் அதில் இருந்தது.

சடையப்பன்தான் படுத்தால் கட்டை ஆயிற்றே. தலை சாய்ந்ததும் தூங்கிப்போனான். தூங்கினதும் குறட்டை விட்டான்.

மங்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். புருஷன் குறட்டை விடுவான் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. தினமும் பகலில் அவன் இதே கட்டிலில் தூங்க, எட்டி நாலடி வைத்தால் தொடுகிற தூரத்தில் இவள் தறியில் நின்றிருக்கிறாள், ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அத்தனையும் தறிச் சத்தம் தின்றுவிட்டிருக்கிறது; கரண்டு போன நேரங்களிலோ ஊரோடு அவனும் முழித்துத்தான் இருப்பான். முதலில் மெல்லமாக ஒரு சீட்டி, அப்புறம் மாட்டு வண்டி மேட்டில் ஏறுகிற மாதிரி ஒரு இழுப்பு, உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்று, மறுபடி சீட்டி. நின்ற இடத்தில் அவளுக்கு மூச்சு நின்றது, சீட்டி வந்ததும் மூச்சு வந்தது. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது, சந்தோஷந்தான். மறுபடி அவன் முதுகுக்குப் பக்கத்தில் சாய்ந்துகொண்டாள். கால் இழுக்கவில்லை. உறையும் இல்லை, கரண்டியும் இல்லை, அவளுடைய சொந்தத் தூக்கம்தான் மெல்ல மெல்ல வந்து கண்ணுக்குள் கால் வைத்தது.

"செத்த இரு சாமி, வாசல்லயே நில்லு" என்று அதனிடம் சொல்லிவிட்டு, மங்கா புருஷனுடைய குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.